கொழும்புத் தொட்டியும் வெந்நீர்க் கொப்பரையும்

காலை ஆறு மணி பத்து நிமிஷம். சாரல் சற்று விட்டிருந்தது. மேலகரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து அடுத்த வீட்டு வளவுக்குள் நுழைந்தபோது, தெளிந்த நீலத் தண்ணீரின் மேல், உரித்த தேங்காய் அளவில், பச்சையாக ஒன்று மிதந்துகொண்டிருந்தது. பாசி உருண்டை என்றுதான் முதலில் நினைத்தேன். அது மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது.

"வாரும் தம்பி. தண்ணி என்னமா இருக்கு பாத்தீரா? கண்ணாடில்லா!"

அது அண்ணாச்சியின் தலை. நான் கடைசியாகப் பார்த்தபோது இலவம்பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்த தலை. இப்போது அதன் பச்சை வாழையிலைப் பச்சையும் அல்ல, வேப்பிலைப் பச்சையும் அல்ல. துலக்காத செம்புப் பாத்திரத்தின் விளிம்பில் பூக்குமே, அந்தக் களிம்புப் பச்சை. மறுநாளைக்கு மறுநாள் அவருக்கு அறுபதாம் கல்யாணம். நூறு பேருக்கு மேல் பத்திரிகை போயிருந்தது.

இது இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஓர் ஆவணி மாதம் நடந்தது. நான் அப்போது சென்னையில் ஒரு பத்திரிகையில் நிருபர். டைபாயிடு வந்து இளைத்துப்போய், மூன்று மாத லீவில் ஊருக்கு வந்திருந்தேன். பத்திரிகைக்குப் போகும் முன் கல்லூரியில் ரசாயனம் படித்தவன். இந்த ஒரு தகவலை என் தகப்பனார் அடுத்த வீட்டு அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

அண்ணாச்சி கொழும்பில் பதினெட்டு வருஷம் துணி வியாபாரம் செய்து திரும்பியவர். அவர் கடைக்கு எதிரே ஒரு பெரிய ஓட்டல் இருந்ததாம். அதன் தோட்டத்தில் நீச்சல் குளம். துரைமார் குளிப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். உள்ளே போக முடியாது. ஊருக்கு வந்து வீடு கட்டியதும் அவர் செய்த முதல் காரியம், கொல்லையில் இருபத்தைந்து அடி நீளம், பன்னிரண்டடி அகலம், மார்பளவு ஆழத்துக்கு ஒரு குளம் கட்டியதுதான். சுற்றிலும் படி, ஒரு மூலையில் கைப்பிடி, கரையில் இரண்டு பிரம்பு நாற்காலி. நீச்சல் குளம் என்று அவர் மட்டும் சொன்னார். ஊரார் அதைக் கொழும்புத் தொட்டி என்றார்கள்.

இரண்டு மைலில் குற்றாலம். அருவியில் நிற்க நாலு ஜில்லாவிலிருந்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த வழியிலேயே வீடு வைத்துக்கொண்டு ஒருவர் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி மிதந்தால் ஊர் சும்மா இருக்குமா? வாய்க்கால் தண்ணீர் வயலுக்கு முறை வைத்து விடுவது. தொட்டிக்கு ஒரு சொட்டு தரமாட்டார்கள். ஆகவே எண்ணெய் எஞ்சின் வைத்துக் கிணற்றிலிருந்துதான் இறைத்தார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்த வீட்டுச் சமையலுக்கே வேறு கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து வருவார்கள்.

பருப்பு வேகாத தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்று அர்த்தம். வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றும். மேலும் இறைத்து ஊற்றுவார்கள். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், சுண்ணாம்பு உள்ளேயே தங்கும். ஆறே மாதத்தில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி நாலு சுவரிலும் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைப் பொருக்கு கட்டிவிட்டது. தொட்டால் அரம் மாதிரி இருந்தது. அண்ணாச்சியின் இரண்டு முழங்காலும் எப்போதும் சிராய்ப்பாகவே இருந்தன. தண்ணீரும் நீர்மோர் நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

வைகாசியில் அவர் மச்சான் வந்தார். அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி, அவருடைய அண்ணன். வடகரையில் வயலும் தென்னந்தோப்பும் உள்ளவர், வாயும் உள்ளவர். கரையில் குனிந்து அந்தப் பொருக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"மாப்ளே, வெத்திலைக்குச் சுண்ணாம்பு வாங்க வேண்டாம்வே. இங்கன வந்து சுரண்டிக்கிடலாம். அங்கன அருவி கொட்டுது, நீரு இதுல கெடந்து ஊறுதீரு. எங்க வீட்டு எருமை இதுல இறங்காது."

"எருமைக்கு என்ன தெரியும் மச்சான்?" என்றார் அண்ணாச்சி.

"அதுக்குத் தெரியும்" என்றார் வடகரைக்காரர்.

அன்று சிரித்தவர்கள் பத்துப் பேர் இருக்கும். அண்ணாச்சியும் சிரித்தார். ஆனால் மறுநாள் என்னிடம் வந்து, கல்யாணத்தன்று அந்தப் பத்துப் பேரும் இதே கரையில் நிற்பார்கள், அதற்குள் தொட்டி கொழும்பு ஓட்டல் குளம் மாதிரி ஆகவேண்டும், முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எப்படி என்று யோசிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

பொருக்கைக் கரைக்கப் புளிப்பு வேண்டும். கடைச்சரக்குத் திராவகம் ஊற்றினால் நொடியில் கரையும். ஆனால் பொருக்குக்குக் கீழே சுவர்ப்பூச்சும் சுண்ணாம்புதான். திராவகத்துக்கு இது பொருக்கு, இது சுவர் என்ற பேதம் தெரியாது. தொட்டியே கரைந்துவிடும். நிதானமான புளிப்பு ஒன்று வேண்டும். அது எந்த வீட்டுப் பானையிலும் இருக்கிறது: புளி. இந்த இடம்வரை என் ரசாயனத்தில் ஒரு குற்றமும் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த வீட்டுத் தவசிப்பிள்ளையிடம் முப்பது ராத்தல் புளி கேட்டேன். தவசிப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் சமையற்காரர். நாற்பது வயது, ஒல்லி, எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்பார்.

"கல்யாணச் சாம்பாருக்கு வச்சிருக்க புளியத் தொட்டிக்கு ஊத்தணுமா? எதுக்கு, குளிச்சவாக்குல அப்படியே ரசம் குடிச்சுட்டு வரதுக்கா?"

அண்ணாச்சி உத்தரவு என்றேன். புளி வந்தது. அவ்வளவு புளியைக் கரைத்துக் கொதிக்க வைக்கப் பெரிய பாத்திரம் வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தபோது, குளியலறைத் தாழ்வாரத்தில் கல்யாண வெந்நீருக்கென்று ஒரு செம்புக் கொப்பரை இருந்தது. ஓர் ஆள் உட்காரலாம். அதை அடுப்பில் ஏற்றச் சொன்னேன்.

"தம்பி, அது வெந்நீர்க் கொப்பரை. உள்ள ஈயம் பூசலை. ஈயம் பூசாத செம்புல புளி ஆகாது" என்றார் தவசிப்பிள்ளை.

நான் சொன்ன பதில் இன்றும் எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"நாம என்ன குடிக்கவா போறோம் அண்ணே? குளிக்கத்தானே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவுக சொல்லுதீய" என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டினார்.

மூன்று நாள் அந்தக் கொப்பரையில் புளி கொதித்தது, ராத்திரியெல்லாம் அதிலேயே ஊறியது. தொட்டித் தண்ணீரை ஒரு முழம் இறக்கிவிட்டு, நாலு ஆட்கள் தேங்காய் நாரைப் புளித்தண்ணீரில் முக்கித் தேய்த்தார்கள். பொருக்கு சுர்ரென்று நுரைத்துக் கரைந்தது. தெருவே புளிக்குழம்பு வாசனை. ரோட்டில் குற்றாலத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டி நின்று, இங்கே சாப்பாட்டுக் கடை எங்கே என்று விசாரித்ததை நானே பார்த்தேன்.

சுவர் நாலும் வழுவழுவென்று வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கொப்பரையில் பாதிக்கு மேல் புளித்தண்ணீர் மிச்சம் இருந்தது. தண்ணீரிலேயே கொஞ்சம் புளிப்பு இருந்தால் மறுபடி பொருக்கு கட்டாது என்று கணக்குப் போட்டு, அதையும் வடிகட்டித் தொட்டியிலேயே ஊற்றினேன். பாசி வராமலிருக்க மயில்துத்தம் என்கிற நீலச் செம்பு உப்பை ஒரு துணியில் முடிந்து மூலையில் தொங்கவிட்டேன்.

மறுநாள் தண்ணீர் தெளிந்திருந்தது. லேசான நீலம். அண்ணாச்சி கரையில் குந்தித் தண்ணீரைக் கையால் அளைந்தார். பிறகு, "இதே கலர்தான் வே. அந்த ஓட்டல்ல இதே கலர்தான்" என்றார். நான் அடக்கமாக நின்றேன்.

தவசிப்பிள்ளை மட்டும் தொட்டியைப் பார்க்கவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த கொப்பரையை நிமிர்த்தி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கறுத்துக் கிடந்த கொப்பரை உள்ளே புதுக்காசு மாதிரி சிவந்து மினுங்கியது.

"இதுல இருந்த களிம்பெல்லாம் எங்க போச்சு தம்பி?"

"கரைஞ்சு போச்சு" என்றேன்.

"கரைஞ்சு எங்க போச்சு?"

அன்று மத்தியானம் எனக்குத் திருநெல்வேலியில் ஒரு வேலை இருந்தது. கிளம்பிவிட்டேன். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்த காலையில்தான் நான் முதலில் சொன்ன காட்சி. இடையில் அண்ணாச்சி காலையும் மாலையும் மணிக்கணக்காக மிதந்திருக்கிறார். வெளியே வந்ததும் தடுமனுக்குப் பயந்து தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார். கல்யாண அவசரத்தில் வீட்டில் யாரும் துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி காப்பியோடு வந்தார். கரையில் நின்றார். புருஷனைப் பார்த்தார். காப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய், முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து நீட்டினார்.

அண்ணாச்சி பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சாரல் வெளிச்சத்துல இப்படித் தெரியுதோ?"

அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வெயில் அடித்தது. இன்னும் நன்றாகத் தெரிந்தது.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொப்பரை, ஈயம், மயில்துத்தம், தவசிப்பிள்ளை எச்சரித்தது, நான் சொன்ன பதில், ஒன்று விடாமல். செம்பு புளிப்பில் கரைந்து தண்ணீரில் இருக்கிறது, வெள்ளை முடியில் அது ஏறினால் அந்தப் பச்சையை மறைக்கக் கறுப்பு இல்லை என்றேன். அண்ணாச்சி நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி கேட்டார்.

"போகுமா, போகாதா? அதைச் சொல்லும்."

"முடி வளந்தா போயிடும் அண்ணாச்சி."

"எம்புட்டு நாளாகும்?"

"மூணு மாசம்."

"கல்யாணம் நாளக் கழிச்சு."

மொட்டை அடித்துவிடலாமா என்று மெல்லக் கேட்டேன். மதினி குறுக்கிட்டார். "ஆயுசு விருத்திக்குக் கல்யாணம் பண்ணுதோம். மொட்டைத் தலையோட மணையில உக்காந்தா பாக்கவுக என்ன நினைப்பாக? நான் அந்தக் கல்யாணத்துக்கு வரலை." அவர் இல்லாமல் அந்தக் கல்யாணத்தை நடத்த வழியில்லை.

தவசிப்பிள்ளை வந்தார். ஈரத் தலையை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்து, "களிம்பு" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. உள்ளே போய் ஒரு மண்சட்டியில் புளியைக் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு வந்தார். பாத்திரத்தில் களிம்பு ஏறினால் எதைப் போட்டுத் துலக்குகிறோமோ அதைத்தான் தலைக்கும் போடவேண்டும் என்பது அவர் கட்சி. யோசித்தால் ரசாயனமும் அதுதான். எனக்குத் தோன்றவில்லை.

அன்று முழுக்கவும் மறுநாளும் அண்ணாச்சி கொல்லையில் ஒரு மணையில் உட்கார்ந்திருந்தார், தலையில் புளியோடு. ஈ மொய்க்காமல் நான் விசிறிக்கொண்டிருந்தேன். "பெருங்காயம் போட்டாச்சா வே?" என்று நடுநடுவே தவசிப்பிள்ளையை விசாரித்தார். கழுவக் கழுவப் பச்சை வெளுத்தது, ஆனால் போகவில்லை. கடைசியில் முதிர்ந்த வெற்றிலையின் மஞ்சளும் பச்சையுமான நிறத்தில் வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் தேய்த்தால் தோல் வந்துவிடும் என்று தவசிப்பிள்ளை கையைக் கழுவிவிட்டார்.

கொழும்பிலிருந்து கொண்டுவந்த பட்டுத் தலைப்பாகை ஒன்று இருந்தது. அதைக் கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று.

கல்யாணத்தன்று காலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. தலைப்பாகையில் அண்ணாச்சி ஒரு திவான் மாதிரி இருந்தார். வடகரைக்காரர் தொட்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். சுவரைத் தடவினார். தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அவர் முகத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

நாங்கள் மூன்று பேரும், மதினியையும் சேர்த்தால் நாலு பேரும், ஒரு விஷயத்தை மறந்திருந்தோம். அறுபதாம் கல்யாணம் என்றால் கலசத் தண்ணீர் அபிஷேகம் உண்டு. தம்பதியை மணையில் உட்கார வைத்து, தலைக்கு மேல் சல்லடை பிடித்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஊற்றுவார்கள். சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டு, தலைப்பாகையை எடுக்கவேண்டும் என்றார். சல்லடையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வடகரைக்காரர்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நாகஸ்வரக்காரர் ஒரு சுரத்தில் நின்றுவிட்டார். முன் வரிசையில் ஒரு குழந்தை, "அம்மா, தாத்தா தலை பச்சை" என்று செய்தியை வெளியிட்டது. வடகரைக்காரர் சல்லடையைத் தாழ்த்திக் குனிந்து, பத்திரத்தில் கையெழுத்தைச் சரிபார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

"மாப்ளே, இது என்னவே? யாரு பண்ணின வேலை?"

என் தகப்பனார் மூன்றாவது வரிசையில் இருந்தார்.

"யாரு பண்ணணும்? நான்தான் போட்டிருக்கேன்" என்றார் அண்ணாச்சி, சாவதானமாக. "கொழும்புல இப்ப துரைமாரெல்லாம் இப்படித்தான். புது பேஷன். அறுபது வயசுக்கு மேலதான் போடலாம். சின்ன வயசுக்காரன் தலையில சாயம் பிடிக்காது."

சபை நம்பியதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மதினி நிமிர்ந்து தன் அண்ணனைப் பார்த்தார்.

"ஊத்தச் சொல்லுங்கண்ணே. குளிருது."

சல்லடை மேலே போனது. தண்ணீர் விழுந்தது. நாகஸ்வரம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. பந்தியில் இரண்டு பெரியவர்கள், துரைமார் போடுவது இதே பச்சையா அல்லது கொஞ்சம் கரும்பச்சையா என்று வாதாடிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணாச்சியைத் தனியாகப் பிடித்து, என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "பதினெட்டு வருஷம் வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன். அந்த ஓட்டல் குளத்துக்குள்ளயே இறங்கின மாதிரி இருந்தது நீரு தண்ணியச் சரிபண்ணின பொறவுதான். நாலு நாள் என்னமா மிதந்தேன் தெரியுமா? அதுக்குத் தலை பச்சையாப் போனாப் போகட்டும்வே." கொஞ்சம் யோசித்து, "ஆனா அடுத்த தரம் தவசிப்பிள்ளையக் கேட்டுக்கிடும்" என்றார்.

மறுநாள் காலை, முந்திய தடவை போலவே ஆறு மணி சுமாருக்கு, கொல்லைக் கதவைத் திறந்தேன். தொட்டியைக் காலி செய்ய ஆட்களைக் கூட்டி வந்திருந்தேன். நெஞ்சளவு தண்ணீரில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வடகரைக்காரர். எங்களைப் பார்த்ததும் ஒரு முங்கு முங்கி எழுந்தார். அவருக்கும் தலை நரைத்திருந்தது. அவருக்கு வயது அறுபத்திரண்டு.

"தம்பி, எத்தனை முங்கு முங்கணும்?" என்று மெதுவாகக் கேட்டார். "மாப்ளகிட்டச் சொல்ல வேண்டாம்."

தண்ணீரை மாற்றிவிட்டோம், இனிமேல் பச்சை பிடிக்காது என்று பொய் சொல்லி அவரைக் கரையேற்றினேன். நான் சொன்ன பொய்களில் அதற்காக மட்டும் நான் வருந்தியதில்லை.

லீவு முடிந்து சென்னை திரும்பினேன். முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரிகையில் வேலை பார்த்தேன். அணை உடைந்தது, ஆலை எரிந்தது, எதைப் பற்றி எழுதப் போனாலும், என்ஜினீயர் பேசி முடித்ததும், அங்கே கையால் வேலை செய்கிற ஆள் யார் என்று தேடிப் போய் அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். சில சமயம் அவர்களும் தவசிப்பிள்ளை மாதிரியே என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

கல்யாணத்தன்று அபிஷேகம் முடிந்ததும் தென்காசியிலிருந்து வந்த போட்டோக்காரர் தொட்டிக் கரையில் வைத்து ஒரு படம் எடுத்தார். பிரம்பு நாற்காலிகளில் அண்ணாச்சியும் மதினியும், பின்னால் வடகரைக்காரர், ஓரத்தில் நான். ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். அதில் அண்ணாச்சியின் தலை வெள்ளையாக இருக்கிறது.